பின் சீட்டில் பெட்ரோல் வாடை

ஒரு காய்ச்சலுக்குப் பிறகு என் மூக்கு செத்துப்போனது. ரசம் கொதித்தாலும் சாக்கடை பொங்கினாலும் எனக்கு ஒன்றுதான். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி போனபின் அல்சூர் வீட்டில் தனியாக இருக்கிறேன். கேஸ் கசிந்தால்கூட அப்பாவுக்குத் தெரியாது என்று மகன் அறிந்தால், வீட்டைப் பூட்டி என்னைப் பொம்மனஹள்ளிக்குத் தன்னோடு கூட்டிப்போய்விடுவான். காரையும் ஓட்டவிட மாட்டான். அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

மகனின் அபார்ட்மெண்டில் ஒரு காருக்குத்தான் இடம். அதனால் குடும்பமாகப் போகவர வாங்கிய பெரிய எஸ்யூவி என் வீட்டுக் கேட்டுக்குள் நின்றது. சனிக்கிழமைகளில் மகனுக்கு வேலை இருக்கும். நான் காலையில் டேங்கை நிரப்பிக்கொண்டு போய் மருமகளையும் பேத்தியையும் அழைத்துவருவேன். ஏரிக்கரையில் கொஞ்சம் சுற்றுவோம், ஹோட்டலில் சாப்பிடுவோம், சாயங்காலம் கொண்டுபோய் விடுவேன். மற்ற நாட்களில் நான் பேசுவது பால்காரரிடமும் டிவியிடமும்தான்.

ஒரு சனிக்கிழமை மருமகள் மூக்கைச் சுளித்தாள்.

"மாமா, பெட்ரோல் நாத்தம் வருது."

எனக்கு எதுவும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றேன். இரண்டும் ஒன்றல்ல.

அடுத்தடுத்த வாரங்களிலும் சொன்னாள். பிறகு ஒரு நாள் சில்க் போர்டு ஜங்ஷன் நெரிசலில் பேத்தி பின் சீட்டில் வாந்தி எடுத்தாள். கண்ணாடியை இறக்கிக்கொண்டே மருமகள், "இந்த நாத்தத்துல நமக்கே தலை சுத்துது, குழந்தை என்ன பண்ணுவா?" என்றாள்.

"காலையில சிப்ஸைக் குடுத்துக் கூட்டிட்டு வந்தா வாந்தி வராம என்ன வரும்? உன் மூக்குக்கு மட்டும் எங்கேருந்துதான் வருதோ!"

அந்த வாரக் கடைசியில் போன் வந்தது. "பாப்பா இனிமே அந்த வண்டில வர மாட்டா மாமா."

ஜீவனஹள்ளியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் பானெட்டைத் திறந்து குனிந்தார்.

"எனக்கு ஒண்ணும் வரல சார். ஆனா என் மூக்கை நம்பாதீங்க, நாள் பூரா பெட்ரோல்லயே கெடக்குது. நீங்க சொல்லுங்க. முன்னாடி வருதா, பின்னாடியா? ஏசி போட்டாலா? எப்ப ஜாஸ்தி?"

"முன்னாடிதான். எப்பவும் வருது" என்றேன்.

நான் கூசாமல் சொன்ன பொய் அது. அவர் அதை நம்பி என்ஜின் பக்கம் எல்லாவற்றையும் அவிழ்த்தார். பெட்ரோல் குழாயை மாற்றினார், ரப்பர் வளையங்களை மாற்றினார். நோயாளி பொய் சொன்னால் டாக்டர் வேறு என்ன செய்வார்?

சரியாகிவிட்டது என்று மருமகளுக்குச் சொல்லிவிட்டு, வழக்கம்போல் டேங்கை நிரப்பிக்கொண்டு போனேன். அவள் மட்டும் இறங்கிவந்து பின் சீட்டில் உட்கார்ந்தாள். உடனே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

"மாமா, நிஜமாவே உங்களுக்குத் தெரியலையா?"

"புதுக் குழாய் போட்டிருக்கும்மா. எதுவும் வரல."

மேலே பால்கனியிலிருந்து பேத்தி கையசைத்தாள். நானும் அசைத்துவிட்டுத் திரும்பினேன்.

அதன்பின் சனிக்கிழமையும் மற்ற நாள் போல ஆனது. ஒரு மூக்கு வேண்டியிருந்தது எனக்கு. பக்கத்துக் கட்டிட வாட்ச்மேனைக் கூப்பிட்டு வண்டிக்குள் உட்காரவைத்தேன். அவர் மரியாதையாக ஆழ்ந்து மூச்சிழுத்துவிட்டு, "ஏனூ இல்லா சார். ஒள்ளே வாசனை" என்றார். ஒன்றும் இல்லையாம், நல்ல வாசனையாம். துணி தேய்க்கும் அம்மாளைக் கேட்டேன். "புது வண்டி மாதிரி கீதுங்க" என்றார். வண்டி வாரக்கணக்கில் ஓடாமல் நின்றதால் அப்போது வாடையே இருந்திருக்காது. அது எனக்குத் தோன்றவில்லை. உண்மையைச் சொல்லக்கூடிய மூக்கு ஒன்றே ஒன்றுதான் என்பது மட்டும் தெரிந்தது.

மருமகளுக்குப் போன் செய்தேன். "அம்மா, எனக்கு மூக்கு வேலை செய்யலம்மா. ரொம்ப நாளா."

"அப்ப கேஸு?" என்றாள்.

"பால் பொங்கினா சத்தத்துல தெரிஞ்சுக்குவேன்."

"நான் கேட்டது கேஸு மாமா."

சனிக்கிழமை அவள் மெட்ரோவில் தனியாக வந்தாள். வண்டியில் ஏறி, வாடை இல்லையே என்று ஆச்சரியப்பட்டாள். "அன்னைக்கெல்லாம் எப்படி வந்தீங்களோ அப்படியே செய்யுங்க, ஒண்ணு விடாம" என்றாள். பங்க்குக்குப் போனோம். டேங்க் நிறைந்து குழாய் டக்கென்று நின்றது. நான் இறங்கி, கூரைக் கம்பியைப் பிடித்து வண்டியை இரண்டு பக்கமும் ஆட்டினேன்.

"என்ன மாமா பண்றீங்க?"

"உள்ளே இருக்கிற காத்து வெளியே போகும். இன்னும் கொஞ்சம் பிடிக்கும். முட்ட நிரப்பினாத்தான் மைலேஜ் கணக்கு சரியா வரும்." ஸ்கூட்டர் காலத்துப் பழக்கம். எஞ்சினியரிங் படித்தவன் என்ற பெருமையும் அதில் உண்டு.

பங்க்காரர் சிரித்தார். "சாரு எப்பவும் ஹீகே மேடம், இப்படித்தான். நாங்க ஆட்ற சார்னு பேரே வெச்சிருக்கோம்."

மறுபடி கழுத்துவரை நிரப்பிக்கொண்டு கிளம்பினோம். வண்டி கொஞ்ச தூரம்தான் போயிருக்கும். "நிறுத்துங்க மாமா. வருது. பின்னாடி, வலது பக்கம்" என்றாள்.

நேராக மெக்கானிக்கிடம் போனோம். எல்லாவற்றையும் அவளே சொன்னாள். டேங்கில் எழும் ஆவியை உறிஞ்சிக்கொள்ளக் கரி நிரப்பிய டப்பா ஒன்று பின்சக்கரத்தருகே உண்டு. அவர் அதைக் கழற்றிச் சாய்த்தார். பெட்ரோல் ஒழுகியது.

"முட்ட முட்ட நிரப்பி, ஆவி குடிக்கிற டப்பால பெட்ரோலையே ஊத்திட்டீங்களே சார். முன்னாடி நாத்தம்னு ஏன் சொன்னீங்க? என்ஜினைப் பூரா அவுத்தேனே!"

நான் வாயைத் திறப்பதற்குள் மருமகள், "அவருக்குச் சொல்லத் தெரியலங்க" என்றாள்.

டப்பாவை மாற்றி, குழாய்களைக் காயவைத்து, வண்டியைக் கொடுத்தார். டேங்கைப் பாதியாக்கியிருந்தார். வீட்டு வாசலில் நிறுத்தியதும் மருமகள் கையை நீட்டினாள்.

"சாவி என்கிட்ட இருக்கட்டும் மாமா."

"இனிமே முட்ட நிரப்ப மாட்டேன்மா."

"பெட்ரோலுக்காக இல்ல. பாப்பா வாந்தி எடுத்தப்பகூட நீங்க சொல்லல. நாளைக்குக் கண்ணு சரியாத் தெரியலன்னாலும் சொல்ல மாட்டீங்க. பின்னாடி உக்காந்திருக்கிறது அவ."

அவள் கோபமாகப் பேசியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். சாவியைக் கொடுத்தேன். அவளே ஓட்டிக்கொண்டு போனாள். அபார்ட்மெண்டுக்குப் பக்கத்தில் மாத வாடகைக்கு இடம் பிடித்து நிறுத்தியிருக்கிறார்களாம். என்னை யாரும் பொம்மனஹள்ளிக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போகவில்லை. மகன் வந்து கேஸ் அடுப்பை எடுத்துவிட்டுக் கரண்ட் அடுப்பு வைத்துவிட்டுப் போனான், அவ்வளவுதான். நான் அதிகம் பயந்தது நடக்கவே இல்லை.

அவர்கள் முடிந்தபோது வருகிறார்கள். பாப்பாவுக்குச் சனிக்கிழமை இப்போது நீச்சல் வகுப்பு இருக்கிறது. போன வாரம் நானே கூப்பிட்டேன். பாப்பாதான் எடுத்தாள்.

"எங்கே இருக்கே?"

"வண்டில தாத்தா. அம்மா ஓட்டறாங்க."

"பின் சீட்டிலயா?"

"ஆமா."

"ஜன்னல் மூடியிருக்கா?"

"மூடித்தான் இருக்கு. நாத்தமே இல்ல தாத்தா. இடம் வந்துடுச்சு, பை!"