மெஷினின் அழுக்குப் பக்கம்

என் அம்மா சுவிஸில், டீட்டிகோனில் ஒரு கம்பனியின் கன்ரீனில் சாப்பாட்டுக் கோப்பை கழுவுகிறவர். நான் இஸ்ரேலுக்குப் போய்ச் சம்பளமில்லாமல் கோப்பை கழுவினேன். இதை எப்படிச் சுற்றி எழுதினாலும் அசிங்கமாகத்தான் இருக்கிறது. அதனால் நேராகவே எழுதுகிறேன்.

2012இல் பள்ளிக்கூடம் முடிந்து பல்கலைக்கழகம் தொடங்குவதற்கு முன் சில மாதங்கள் கையில் இருந்தன. கூடப் படித்த சுவிஸ் பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டுக்குக் கிளம்பினார்கள். நான் கிபுட்ஸ் ஒன்றைப் பிடித்தேன். எல்லாரும் சேர்ந்து வேலை செய்து, ஒரே மண்டபத்தில் சேர்ந்து சாப்பிடுகிற கூட்டுக் கிராமம் அது. தொண்டராகப் போனால் படுக்க இடமும் சாப்பாடும் தருவார்கள்.

அப்பா தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நாங்கள் பங்கருக்குள்ள இருந்து தப்பி ஓடி வந்தனாங்கள். நீ பங்கர் இருக்கிற ஊருக்குக் காசு குடுத்துப் போறாய்."

அம்மா வேறு மாதிரி விசாரித்தார். "அறையில எத்தினை பேர்?"

"நாலு பேர்."

"குசினி?"

"எல்லாருக்கும் ஒண்டுதான்."

"குளிக்கிற இடம்?"

"அதுவும் அப்பிடித்தான் அம்மா."

"அது அகதிக் காம்ப், பிள்ளை. வந்த புதுசில நாங்கள் இருந்தனாங்கள். எப்ப விடுவாங்கள் எண்டு சுவரைப் பாத்துக்கொண்டு கிடந்தனாங்கள்."

"உங்களுக்கு ஒண்டும் விளங்காது" என்று கத்திவிட்டுப் போய்ப் பெட்டி கட்டினேன். எனக்குக் கத்தத்தான் தெரியும்.

அங்கே என்னைச் சாப்பாட்டு மண்டபத்தில் போட்டார்கள். கோப்பை கழுவுகிற மெஷின் ஒரு அறை நீளம். ஒரு பக்கத்தால் அழுக்குக் கோப்பை பெல்ட்டில் உள்ளே போகும். மற்றப் பக்கத்தால் சுத்தமாகி, கை பொறுக்காத சூட்டோடு வெளியே வரும். அழுக்குப் பக்கம் நிற்கிறவர் ஊர் தின்ற மிச்சத்தையெல்லாம் வழித்துக் கொட்ட வேண்டும். குளித்த பிறகும் மூக்கை விட்டு அந்த நாற்றம் போகாது. ஆனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒரு கிழமைக்கு மேல் யாரும் அழுக்குப் பக்கம் நிற்கக் கூடாது. முறை வந்தபோது ஓய்வு பெற்ற பள்ளிக்கூட அதிபரே ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். அதைப் பார்த்து நான் மயங்கிப் போனேன். உலகம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அறையில் இருந்த கொலம்பியாக்காரியிடம் பெரிதாகப் பேசினேன். அவளும் மெஷினில் நின்றவள். மாட்டுப் பண்ணையில் நின்ற ஒரு கொரியப் பொடியனும் எங்களோடு சேர்ந்துகொண்டான். மூன்று பேரும் எப்போதும் ஒன்றாகத் திரிந்தோம்.

ஒரு மாதம் வேலை செய்தால் ஒரு சுற்றுலா. விடியப்புறம் பஸ் வரும். ஒரு முறை சாக்கடலுக்குப் போனோம். ஊர் எல்லையில் மிளகாய்த் தோட்டம். தாய்லாந்திலிருந்து கூலிக்கு வந்தவர்கள் அந்த நேரத்திலேயே குனிந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஜன்னலால் கை காட்டினோம். ஒருவர் நிமிர்ந்து திருப்பிக் காட்டினார்.

சாக்கடலில் கொரியனுக்குக் கண்ணில் தண்ணீர் பட்டுவிட்டது. அவன் மாடு மாதிரிக் கத்த, கொலம்பியாக்காரி தன் குடிதண்ணீர் முழுவதையும் அவன் தலையில் ஊற்றினாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தபோது அம்மா போன் எடுத்தார்.

"என்ன சத்தம்? எங்க நிக்கிறாய்?"

"சாக்கடல் பாக்க வந்தனாங்கள்."

"உப்புத் தண்ணியெல்லோ. கையில காயம் கீயம் இருந்தா எரியும், கவனம்."

அவருக்குப் பின்னால் ஒரு இரைச்சல் கேட்டது. அதை நான் எங்கேயும் அடையாளம் காண்பேன். அதே மெஷின்.

"நீங்கள் சாப்பிட்டியளோ?"

"இனித்தான். நீ வடிவாப் பார்" என்று வைத்துவிட்டார்.

அம்மா நான் பிறப்பதற்கு முன்னமே சுவிஸுக்கு வந்தவர். கலியாண வீட்டுக்குப் போகிற ரயில் ஜன்னலைத் தவிர வேறெங்கும் நின்று ஒரு மலையைப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நித்திரை கொள்வார். அதை நினைத்துக்கொண்டே திரும்பத் தண்ணீரில் இறங்கினேன். இறங்கிய பிறகு சந்தோசமாகவும் இருந்தேன். என்மேல் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அடுத்த கோடையில் கொலம்பியாக்காரியும் கொரியனும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா இடியப்பம், சொதி, கோழிக்கறி என்று மேசையை நிரப்பினார். சாப்பிட்டு முடித்ததும் இரண்டு பேரும் கிபுட்ஸ் பழக்கத்தில் எழுந்து கோப்பைகளை அடுக்கத் தொடங்கினார்கள். அம்மா ஓடிப்போய்க் குசினி வாசலில் கைகளை விரித்துக்கொண்டு நின்றார்.

"வந்த ஆக்களைக் கோப்பை கழுவ விட்டிட்டு நான் பாத்துக்கொண்டு நிக்கிறதோ? சனம் அறிஞ்சால் காறித் துப்பும்!"

கொரியன் அவர் கைக்குக் கீழால் நுழைந்து உள்ளே போய்விட்டான். அப்பா சிரித்தார். எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

"விடுங்கோ அம்மா! அங்க எல்லாரும் சமன். மாறி மாறித்தான் கழுவுவினம். அழுக்குப் பக்கத்தில ஒரு கிழமைக்கு மேல ஒருத்தரையும் நிக்க விடமாட்டினம்."

அம்மாவின் கைகள் கீழே இறங்கின. "மாத்துவினமோ?"

"ஓம்."

"என்னை ஒருநாளும் மாத்தேல்லை."

"ஏன்?"

"மற்றப் பக்கம் நிக்கிறவள் சமையல்காரரோட டொச்சில கதைக்க வேணும். எனக்கு அவ்வளவு வராதெல்லோ."

எழுத்துக் கூட்டத் தெரிந்த நாளிலிருந்து டொச் என்கிற ஜெர்மன் மொழியை அந்த வீட்டுக்காக நான்தான் கதைத்தேன். டொக்டரிடம் நான், வீட்டுக்காரனிடம் நான். அம்மாவின் கன்ரீனில் ஒரு வார்த்தை கதைக்க எனக்குத் தோன்றவில்லை. எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்றுகூடக் கேட்டதில்லை.

கொலம்பியாக்காரி என்னவென்று கேட்டாள். சொன்னேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நொஷாட்டல் ஏரிக்குப் போவதாக இருந்தோம். "அப்படியென்றால் உன் அம்மாவும் வருகிறார்" என்றாள், பஸ்ஸில் இடம் பிடித்துவிட்டவள் மாதிரி.

"எனக்கு என்னத்துக்கு? சப்பாத்தும் இல்லை" என்றார் அம்மா. ஆனால் முகத்தில் ஆசை தெரிந்தது. எனக்குப் பயம் வந்தது. இந்த முறையும் அவர் வீட்டில் நின்றுவிட்டால் இனி ஒருநாளும் வரமாட்டார். எனக்கோ கெஞ்சத் தெரியாது.

அப்பாதான் சொன்னார்: "போயிட்டு வாருமன். ஒரு ஞாயிறு நித்திரை கொள்ளாட்டி ஒண்டும் குறையாது."

கன்ரீனில் போடுகிற வழுக்காத வெள்ளைச் சப்பாத்தோடு வந்தார். ஏரியில் ஓடுகிற கப்பலில் ஒருதரமும் இருக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "காலமை வெளிக்கிட்டு மத்தியானத்துக்கு முதல் வந்திட்டம். இவ்வளவு கிட்டவோ இருந்தது?" என்றார். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

பேப்பர் கோப்பை மரியாதையில்லை என்று வீட்டுக் கோப்பைகளைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். சாப்பிட்ட பிறகு கரையோரத் தண்ணீர்த் தொட்டியில் வரிசையாக நின்றோம். நான் வழித்துப் போட, கொரியன் கழுவ, கொலம்பியாக்காரி அலச, கடைசியில் துவாயோடு அம்மா.

"ஆரும் கண்டால் பேசப் போறாங்கள், கெதியா" என்று சொல்லிக்கொண்டே சுத்தக் கோப்பைகளை ஒவ்வொன்றாக வாங்கி, ஆற அமரத் துடைத்தார். கொரியன் ஒரு கோப்பையை வேண்டுமென்றே திரும்பத் திரும்பக் கொடுத்தான். "இது முதலும் வந்ததெல்லோ, கள்ளன்!" என்று அவன் முதுகில் துவாயால் அடித்தார். அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. அதற்கு இரண்டு வெளிநாட்டுக்காரர் வர வேண்டியிருந்தது.

ரயிலில் அவர்கள் நித்திரை. அம்மா கேட்டார்: "அங்க மாசத்துக்கு ஒருக்கா இப்பிடிக் கூட்டிக்கொண்டு போறவையோ?"

"ஓம்."

"வேலை செய்யிற எல்லாரையுமோ?"

'ஓம்' வாய்வரை வந்தது. மிளகாய்த் தோட்டத்தில் நிமிர்ந்து கை காட்டியவரின் நினைவும் கூடவே வந்தது.

"இல்லை. தாய்லாந்துச் சனம் தோட்டத்தில வேலை செய்தது. அவையைக் கூட்டிக்கொண்டு போறேல்லை."

"ஏனாம்?"

"தெரியாது. நான் கேக்கேல்லை."

அம்மா சப்பாத்தைக் கழற்றினார். முன் இருக்கையில் இலவசப் பத்திரிகை ஒன்றை விரித்து அதன்மேல் காலை நீட்டினார்.

"நீ எல்லாத்துக்கும் சண்டை பிடிக்கிறனி, இதை மட்டும் கேக்கேல்லையோ" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

டீட்டிகோன் வரும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை விடிய அதே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.