ஏழாம் நாள் ஓய்வெடுத்த சங்கு

கிளைட்டனுக்கு முப்பத்தாறு வயது. அதில் எட்டு வருஷத்தைச் சங்கு தின்றுவிட்டது. தூத்துக்குடிக் கடலில் எடுக்கிற சங்கைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்வதாகப் பதிவு செய்துகொண்டவன், ஆராய்ச்சியையும் ஒழுங்காகத்தான் செய்தான். செய்ததை இங்கிலீஷில் எழுதவும், நாலு பேர் முன்னால் நின்று சொல்லவும்தான் வரவில்லை. ஆய்வுக் குழுவின் முன்னால் இரண்டு தடவை நின்றான். முதல் தடவை ‘வி வென்ட், வி சா, வி கவுண்டட்’ என்று சொல்லி முடித்தான். இது என்ன, பள்ளிக்கூடச் சுற்றுலாவா என்று ஒருவர் கேட்டார். இரண்டாம் தடவை நாக்கு வறண்டு, தண்ணீர் குடிக்கப் போய், பாட்டிலை லேப்டாப் மேல் கவிழ்த்தான். மூன்றாவது தடவையும் தேறாவிட்டால் பதிவு ரத்து. பதிவு போனால், அவன் தற்காலிக விரிவுரையாளராக ஒட்டிக்கொண்டிருந்த கல்லூரியும் ஜூன் மாதம் கதவைச் சாத்திவிடும்.

இத்தனைக்கும் அவன் பிறந்தது திரேஸ்புரம் கடற்கரையில். அப்பா கடலில் மூழ்கிச் சங்கு குளித்தவர். மனைவி ஜெனிஸின் அண்ணன் ரோச் இன்றைக்கும் குளிக்கிறவன். மாப்பிள்ளை டாக்டராகட்டும் என்று ஒரு வருஷம் முழுக்க, கரைக்கு வந்த சங்கை எண்ணி ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தவன் அந்த ரோச்தான். தேதி, கிழமை, எண்ணிக்கை. காய்ச்சலாகக் கிடந்தபோதுகூட ஆள் விட்டு எண்ணச் சொல்லி எழுதினான். எட்டு வருஷ ஆராய்ச்சியில் உருப்படியாக இருந்தது அந்த நோட்டு ஒன்றுதான். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் கதையாக, கிளைட்டன் அதைத் தூக்கிக்கொண்டு செந்தூர்வேலிடம் போனான்.

செந்தூர்வேலின் இடம் மக்ரூன் விற்கிற பேக்கரிக்கு மேல் மாடியில். ‘அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கான ஆய்வு ஆங்கிலம்’ என்று வாசலில் போர்டு. முன்னால் இன்சூரன்ஸ் பிடித்துக்கொண்டிருந்தவர். பாய்லரானாலும் பாக்டீரியாவானாலும் அவருக்கு ஒன்றுதான். எதைப் பற்றியது என்று கேட்காமலே திருத்துவார். கேட்டால் திருத்த வராது என்பது என் அபிப்பிராயம்.

முதல் நாளே சிவப்புப் பேனாவை எடுத்தார். “தம்பி, சயின்ஸ்ல ‘நான்’ங்கதே கெடையாது. நீரு சங்க எண்ணல. சங்கு எண்ணப்பட்டது.”

“எண்ணினது என் மச்சான் சார்.”

“மச்சானும் கெடையாது. எண்ணப்பட்டது. அவ்வளவுதான்.”

ஆய்வேட்டிலிருந்து ரோச் போனான். அடுத்த பக்கத்தில், ‘குளிகாரர்கள் நாற்பது பேர் வள்ளத்தில் போய்ச் சங்கு எடுத்து வந்தார்கள்’ என்று இருந்ததை அடித்துவிட்டு, ‘சங்கு கரையில் பெறப்பட்டது’ என்று எழுதினார். ஒரே கோட்டில் நாற்பது பேரும் கடலை விட்டு ஏறிப் போனார்கள். சங்கு தானாக நடந்து கரைக்கு வந்தது. மூன்றாவதாக அவர் கண் அட்டவணையில் விழுந்தது.

“இது என்ன திங்கள், செவ்வாய்னு? ராசிபலனா எழுதுதீரு? டே ஒன், டே டூன்னு போடும்.”

கிளைட்டன் அங்கேயே லேப்டாப்பைத் திறந்து கிழமைகள் இருந்த வரிசையை அழித்தான். ஒரு பட்டனை அமுக்கினால் போதும், போய்விடும். போய்விட்டது.

எழுத்துப் பாடம் முடிந்து பேச்சுப் பாடம் வந்தது. கையை இடுப்புக்கு மேலேதான் ஆட்ட வேண்டும். புதுப் படம் போட்டதும் மூன்று விநாடி பேசாமல் நிற்க வேண்டும். கேள்வி வந்தால் என்ன செய்வது என்பதுதான் அவருடைய கடைசிப் பாடம், அதற்குத் தனிக் கட்டணம். “பதில் தெரிஞ்சா சொல்லும். தெரியலன்னா ‘நல்ல கேள்வி’ன்னு சொல்லும். தெரிஞ்சும் சொல்லப் பிடிக்கலன்னா, ‘பியாண்ட் தி ஸ்கோப் ஆஃப் திஸ் ஸ்டடி’ன்னு சொல்லி லேசா சிரியும். இந்த ஆய்வுக்கு அப்பாற்பட்டதுன்னு அர்த்தம். எவனும் வாயத் தொறக்க மாட்டான்.”

கிழமை போன அட்டவணையை வரைபடமாக்கிப் பார்த்தபோது கிளைட்டனுக்கு உடம்பு சிலிர்த்தது. ஆறு நாள் சங்கு ஏராளமாக வருகிறது. ஏழாம் நாள் சடாரென்று ஒரு பள்ளம், ஏழெட்டுச் சங்குதான். மறுபடி ஆறு நாள் மேடு. மறுபடி பள்ளம். வருஷம் முழுக்க ஒரு பள்ளம்கூடத் தவறவில்லை. வழிகாட்டிப் பேராசிரியர் வெள்ளத்துரையிடம் ஓடினான். அவர் ஓட்டப்பிடாரத்துக்காரர், கடலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி. “ஏ அப்பா, இது புதுசுல்லா” என்று நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். இணையத்தில் தேடினால் ஏழு நாள் உடல் சுழற்சிக்கு ‘சர்காசெப்டன் ரிதம்’ என்று பெயரே இருந்தது. பிறகென்ன, நாற்பது பக்கம். சங்கு ஏழு நாளைக்கு ஒரு முறை மணலுக்குள் புதைந்து ஓய்வெடுப்பதாகக் கருதப்படக்கூடும். அந்தக் ‘கருதப்படக்கூடும்’ செந்தூர்வேலின் கைவண்ணம்.

நாற்பது பக்கத்தையும் எப்போது எழுதினான் என்று நினைக்கிறீர்கள்? வார நாளில் வகுப்பு, பரீட்சைத்தாள் என்று நேரம் எங்கே இருக்கிறது? காலையில் மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை கண்டு, வீட்டுக்கு வந்து கறிச்சோறு தின்றுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு எழுதினான். பக்கத்து அறையில் விருந்துக்கு வந்த ரோச் வயிறு முட்டத் தின்றுவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று கிளைட்டன் காதில் பஞ்சு வேறு வைத்துக்கொண்டான்.

மூன்றாவது தடவை வந்தது. பொதுமக்களும் உட்கார்ந்து கேட்கலாம் என்பது விதி. வருகிறவர்களுக்கு லட்டும் மிக்சரும் மக்ரூனும் பொட்டலம் கட்டிக் கொடுப்பது விதியில் இல்லாத விதி. ஜெனிஸ் அறுபது பொட்டலம் கட்டினாள். ரோச் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்தான். கொல்கத்தாவிலிருந்து ஒரு பெரிய நிபுணர் வந்திருந்தார்.

கிளைட்டன் அன்றைக்குப் பேசினான் பாருங்கள், அப்படி ஒரு பேச்சு. கை இடுப்புக்குக் கீழே இறங்கவில்லை. வரைபடம் திரையில் விழுந்ததும் மூன்று விநாடி நின்றான். கொல்கத்தாக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ‘பிரமாதம்’ என்றார். பொதுமக்கள் யாராவது கேட்கிறீர்களா என்று வழக்கப்படி கேட்டார்கள். வழக்கப்படி யாரும் எழுந்திருக்கக் கூடாது. ரோச் எழுந்தான். மாப்பிள்ளைக்கு மரியாதை செய்கிறோம் என்று நினைத்தான், பாவம்.

“மாப்ள, அந்தப் படத்துல ஏழு நாளைக்கு ஒருக்கா ஒரு பள்ளம் விழுதே, அது ஞாயித்துக்கெழமதான?”

கிளைட்டன் திரையைத் திரும்பிப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை. குளிகாரன் ஒருத்தனும் கடலுக்குப் போகாமல் கோயிலில் முட்டி போட்டுக்கொண்டிருக்கிற ஞாயிற்றுக்கிழமை. கிளைட்டனும் அவர்கள் பக்கத்தில்தான் முட்டி போட்டிருந்தான். அன்றைக்கு வந்த ஏழெட்டுச் சங்கும் மீன் வலையில் தானாக மாட்டியது. சின்னப் பிள்ளையில் யாராவது தமிழில் கேட்டிருந்தால் காரணத்தை அவனே சொல்லியிருப்பான். சங்கு ஓய்வெடுக்கவில்லை. அவன் மச்சான் ஓய்வெடுத்தான், பக்கத்து அறையில், குறட்டையோடு.

மண்டபத்தில் ஐம்பது பேர். நாற்பத்தொன்பது பேருக்குத் தமிழ் தெரியும். வெள்ளத்துரை குனிந்து செருப்பு வாரைச் சரி செய்தார். தெரியாத ஒரே ஒருவர் கொல்கத்தாக்காரர். அவர் ஆவலாகக் கேட்டார், அந்த மனிதர் என்ன சொல்லுகிறார் என்று. கேட்டதும் கிளைட்டனிடமேதான்.

உண்மையைச் சொன்னால் எட்டு வருஷமும் வேலையும் போச்சு. சொல்ல வேண்டியதோ மூன்று வார்த்தை, அவன் முதல் தடவை பேசிய பள்ளிக்கூட இங்கிலீஷே போதும். கிளைட்டன் மூன்று விநாடி நின்றான். பிறகு கையை இடுப்புக்கு மேலே கொண்டுவந்து, சமூக, கலாச்சாரக் காரணிகளின் தாக்கம் பற்றிக் கேட்கிறார், நல்ல கேள்வி, ஆனால் அது பியாண்ட் தி ஸ்கோப் ஆஃப் திஸ் ஸ்டடி என்றான். லேசாகச் சிரித்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறோம். இவன் ஒரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமை அத்தனையையும் மறைத்தான். கொல்கத்தாக்காரர் கைதட்டினார். பின்வரிசையில் செந்தூர்வேல் எழுந்து நின்று தட்டினார். தன் கேள்விக்குத்தான் தட்டுகிறார்கள் என்று ரோச்சும் சேர்ந்து தட்டினான். மிக்சர் பொட்டலம் வெளியே வந்தது.

வீட்டுக்கு வந்ததும் கிளைட்டன் ஜெனிஸிடம் கேட்டான். “ஒனக்கும் தெரியுமா?”

“நீங்க கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பாத்த அன்னைக்கே தெரியும்.”

“சொல்ல வேண்டியதுதான?”

“ஞாயித்துக்கெழம கடலுக்குப் போறதில்லன்னு ஒங்களுக்குத் தெரியாதாக்கும்? இங்கிலீஸ்ல சொல்லுதியளே, வேற என்னமோ பெரிய விசயமா இருக்கும்னுல்லா நெனச்சேன்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் ஃபாதர், நம் கோயில் பங்கிலிருந்து ஒரு டாக்டர் என்று கிளைட்டனை எழுந்து நிற்கச் சொன்னார். நின்று திரும்பிப் பார்த்தான். நாற்பது குளிகாரர்களும் வரிசையாக உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவனுடைய வரைபடத்துப் பள்ளம் முழுக்க அங்கேதான் இருந்தது. வாசலில் ஒருத்தன், “ஏலே டாக்டரு, இன்னைக்குச் சங்குக்கு லீவாம்ல? பூசைக்கு வரலியே” என்றான். அதற்குள் ஊரெல்லாம் தெரிந்திருந்தது. கிளைட்டனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

ரோச் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை கொடுத்த ஆய்வேட்டை ஒரு வாரமாகப் புரட்டியிருக்கிறான். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் அட்டவணை தெரியும்; ஜெனிஸும் விவரம் சொல்லியிருந்தாள். சட்டைக்குள் இருந்து ஒரு புது நோட்டை எடுத்து நீட்டினான்.

“என் பேரு போடலன்னா போயிட்டுப் போவுது மாப்ள. கெழமய எதுக்கு அழிச்ச?”

கிளைட்டன் நோட்டைத் திறந்தான். முதல் பக்கத்தில் அன்றைய தேதி. அதன் கீழே கோணல் மாணலாக ரோச் எழுதியிருந்தான்: ‘ஞாயித்துக்கெழம. நாங்க கடலுக்குப் போகல. சங்கு அங்கனதான் கெடக்கு.’