பை பார்க்கிற வேலை

மக்களே, அன்றைக்கு நம் வீட்டில் வந்த கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கழக்கூட்டத்தில் நான் காவலுக்கு நிற்கிற கம்பெனிக் கட்டடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் துப்புரவுப் பெண்கள் வீட்டுக்குப் போகும்போது வாசலில் பையைத் திறந்து காட்ட வேண்டும். பார்ப்பது என் வேலை. கம்ப்யூட்டர் வேலைக்காரர்களின் பையைத் திறக்க எனக்கு உத்தரவு இல்லை. ஆறு வருஷமாக இது எனக்குத் தப்பாகத் தோன்றியதே இல்லை.

போன மாசம், செங்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவின் பையில், டிபன் பாத்திரத்துக்கு அடியில் ஐந்து காபிப்பொடிப் பாக்கெட் இருந்தது. மாடியில் ஆபீஸ்காரர்கள் கலக்கிக் குடிக்கிற விரல் நீளப் பாக்கெட்.

"என்னம்மா இது?"

"மவளுக்குப் பரீட்சை அண்ணாச்சி. முழிச்சிருந்து படிக்கா. கூடை நிறையக் கிடக்கேன்னு எடுத்தேன்."

"கேட்டுட்டு எடுக்கப்படாதா?"

"யாருட்ட கேக்க? அங்க என்கிட்ட யாரு பேசுதா?"

நோட்டில் எழுதிவிட்டேன். எழுதாமல் விட்டு, பிறகு தெரிந்தால் என் வேலை போகும். மறுநாள் அந்தம்மாவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அதை வீட்டில் சொன்னபோதுதான் சின்னவளே, "ஆட்கள் ஏம்ப்பா திருடுறாங்க?" என்று கேட்டாய். பெரியவளே, நீ பிளஸ் டூ புத்தகத்தை எடுத்து வாசித்தாய். வறுமை ஒரு காரணமாம். கெட்ட சேர்க்கை ஒரு காரணமாம். திருடன், திருடன் என்று ஊர் சொல்லிச் சொல்லியே ஒருத்தர் அப்படி ஆகிவிடுவதும் உண்டாம். எனக்கு எல்லாமே சரி என்று பட்டது. அதுதான் குழப்பம்.

அடுத்த வாரம் ஓர் ஆபீஸ்காரர் அடையாள அட்டையைத் தேடி, தோள்பையை என் மேஜையில் கவிழ்த்தார். ஒரு கைப்பிடி பாக்கெட் கொட்டியது. அதே காபி.

"ஹாஸ்டல்ல காபி மகா மோசம் சேட்டா" என்று மலையாளம் கலந்து சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்து, கீழே விழுந்ததைப் பொறுக்கிக் கொடுத்தேன். அவர் போன பிறகுதான் நோட்டு ஞாபகம் வந்தது. புரட்டிப் பார்த்தேன். அதில் இருப்பதெல்லாம் துப்புரவுப் பெண்களின் பெயர். அவர்கள்தான் எடுக்கிறார்களா, இல்லை, அவர்கள் பையை மட்டும் நான் பார்க்கிறேனா?

நேற்று பஸ் ஸ்டாப்பில் அந்தம்மாவைப் பார்த்தேன்.

"ரெண்டு ஹாஸ்டல்ல வேலை கேட்டாச்சு. எனக்கு முன்னாடி என் பேரு அங்க போயி நிக்கு. போஸ்டர் ஒட்டினீங்களோ அண்ணாச்சி?"

இன்றைக்கு சூப்பர்வைசரிடம் போனேன். இந்த ஒரு தடவை பொறுத்து, அந்தம்மாவைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஆபீஸ்காரர் கதையையும் சொன்னேன்.

"அது விடு சேட்டா. அந்தம்மா எடுத்தாங்களா, இல்லையா?"

"எடுத்தாங்க."

"பின்னே எந்தா? வேற என்ன வேணும்?"

வாசலுக்குத் திரும்பி வந்தேன். நான் பொய் எழுதவில்லை. அவர் கேட்டதிலும் தப்பில்லை. அந்தம்மாவுக்கு மட்டும் வேலை இல்லை. திங்கட்கிழமை திரும்பவும் போய்க் கேட்பேன். என்ன சொல்லிக் கேட்பது என்றுதான் புரியவில்லை.