என் தங்கையின் மூச்சில் வந்த வாசனை

அன்னாசிப்பழம் கனிந்து, கனிவையும் தாண்டி, அடிப்பக்கம் கசியத் தொடங்கும்போது ஒரு வாசனை வரும். மழை மாதங்களில், மலேசியாவில் எங்கள் ஊரான செனாயின் சாலையோரக் கடைகளில் அது அதிகம். தார்ப்பாய்க்குக் கீழே பழங்கள் குவிந்து கிடக்கும். அடியில் எங்கோ ஒன்று உடைந்திருக்கும். வாங்க வருகிறவர்களை அந்த இனிப்பு இழுக்கும். நான் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவேன். சில நாள் போக முடியாமல் அங்கேயே நின்றுவிடுவதும் உண்டு. அப்போது கால் நடுங்கும். வாய் தானாக ஸ்தோத்திரம் சொல்லும்.

நடுக்கமும் ஸ்தோத்திரமும் ஏன் எனக்குச் சேர்ந்தே வருகின்றன என்பதை விசுவாசிகளாகிய உங்களிடம் சொல்ல வேண்டும். நடந்ததைப் பலர் வேறு மாதிரி கேட்டிருப்பீர்கள். நான் அந்த அறையில் இருந்தவள்.

என் தங்கை எஸ்தருக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை நோய். மாத்திரைக்கு அடங்குகிற வகை இல்லை. உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிட்ட வகை. சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி, படுப்பதற்கு முன்னால் ஊசி. இருபது வருடத்துக்கு மேல் அப்படியே ஓடியது. அவள் செனாய் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறாள். அவள் கணவர் டேவிட் விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குக் கிளம்பிவிடுவார். பிள்ளைகள் இல்லை. எனக்கும் கணவர் இறந்த பிறகு இவர்கள்தான் வீடு.

எஸ்தர் எதையும் சிரிப்பாக்கிவிடுவாள். "சல்லடையா ஆயிட்டேன்கா. தண்ணி குடிச்சா வயித்து வழியா ஒழுகும், பாரு" என்பாள். ஆனால் ஊசியைக் கையில் எடுக்கும்போது முகம் மாறும். அவ்வளவு வருடக் களைப்பு அதில் தெரியும்.

எங்கள் சபை ஒரு இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. பாஸ்டர் பொய் சொல்கிறவர் அல்ல. முழங்கால் தேய ஜெபிக்கிறவர். அவர் போதித்தது ஒன்றுதான்: சுகமாக்குவது ஆண்டவருடைய சித்தம், எப்போதும், எல்லோருக்கும். சுகம் வரவில்லை என்றால் நம் விசுவாசத்தில் எங்கோ விரிசல். அந்த மாடியில் ஒரு அம்மாவின் முதுகுவலி போனதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். அதை மறுக்கமாட்டேன். ஆனால் 'எப்போதும்' என்ற சொல் மட்டும் எனக்குள் இறங்காமல் தொண்டையிலேயே நிற்கும். ஒருநாள் கேட்டேன். அப்படியானால் கல்லறையில் படுத்திருக்கிற விசுவாசிகள் எல்லோருக்கும் விரிசலா என்று. பாஸ்டர் கோபப்படவில்லை. கேள்வியும் ஒரு விரிசல்தான் என்று மென்மையாகச் சொன்னார்.

மேடைக்கு முன்னால் ஒரு பிரம்புக் கூடை இருக்கும். ஜெபித்துக்கொண்டவர்கள் தங்கள் மருந்தை அதில் போடுவார்கள். பிறகு மைக்கைப் பிடித்து, நான் சுகமானேன் என்பார்கள். சுகமாவேன் என்று சொல்லக்கூடாது. இன்னும் நடக்காததை நடந்துவிட்டதாகச் சொல்ல வேண்டும். அதற்கு விசுவாச சாட்சி என்று பெயர். சொன்ன பிறகு கிளினிக் பக்கம் போனால், கொடுத்த சாட்சியைத் திரும்ப வாங்குவதாகும். அப்படித் திரும்ப வாங்கியவர்களை நாங்கள் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர்கள்தான் பிறகு கூட்டத்துக்கு வந்ததில்லை.

ஒரு நவம்பர் மாத வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில், வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. எஸ்தர் எழுந்து முன்னால் போனாள். என்னிடம் சொல்லவில்லை. டேவிட்டிடமும் சொல்லவில்லை. கைப்பையிலிருந்து இன்சுலின் பேனாக்களை எடுத்துக் கூடையில் போட்டாள். சத்தமே வரவில்லை. மற்றவர்கள் போட்ட மாத்திரை அட்டைகள் அடியில் மெத்தையாகக் கிடந்தன.

"நான் சுகமானேன்" என்றாள். சபை கை தட்டியது. நானும் தட்டினேன்.

சனிக்கிழமை ஒன்றும் தெரியவில்லை. அதுவே எல்லோருக்கும் அத்தாட்சி ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவள் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தாள். ஜீவத்தண்ணீர்மேல் தாகம் என்றார் பக்கத்து இருக்கையில் இருந்தவர். சாயங்காலம் வாந்தி. அசுத்தம் வெளியே போகிறது என்று சபையிலிருந்து செய்தி அனுப்பினார்கள். திங்கட்கிழமை அவளுக்கு மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வந்தது, படுத்துக்கொண்டே ஓடுகிறவளைப் போல. ஆவியானவர் அவளுக்குள் பெருமூச்சோடு ஜெபிக்கிறார் என்றார்கள். இப்படி ஒவ்வொரு அடையாளத்துக்கும் எங்களிடம் ஒரு பெயர் தயாராக இருந்தது. நோய் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டே வந்தது. நாங்கள் அதன் பின்னாலேயே போய் ஒவ்வொன்றுக்கும் ஞானஸ்நானம் கொடுத்தோம்.

டேவிட் வேலைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவர் கெஞ்ச, எஸ்தர் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேங்க. ஆண்டவர வெக்கப்படுத்தாதீங்க."

திங்கட்கிழமை பிற்பகல் பாஸ்டரும் சபையில் சிலரும் உபவாச ஜெபத்துக்கு வந்தார்கள். மழைக்காக ஜன்னல்களை அடைத்திருந்தோம். கட்டிலைச் சுற்றி முழங்காலில் இருந்தோம். அப்போதுதான் அது வந்தது. முதலில் மெல்லிசாக, பிறகு அறை நிறைய. இனிப்பு.

ஒரு அக்கா தலையை உயர்த்தினார். முகர்ந்தார். அழத் தொடங்கினார். வாசனை, வாசனை, ஆண்டவர் அறைக்குள் வந்துவிட்டார் என்றார். ஒவ்வொருவராகக் கண்ணீர்விட்டார்கள். ஆவியில் நிறைந்து பேசுகிற அந்நிய பாஷை எழும்பியது. பாஸ்டர் இரண்டு கையையும் உயர்த்தினார். பரலோகமே அந்தச் சின்ன அறைக்குள் இறங்கிவிட்டதாக எல்லோரும் நம்பினார்கள். எனக்குத்தான் மயிர் கூச்செறிந்தது. என் அப்பா பொந்தியான் பக்கத்தில் அன்னாசித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். விற்காத பழத்தைக் கொட்டி வைக்கிற கொட்டகைக்குப் பக்கத்தில் வளர்ந்தவள் நான். இனிப்பு எப்போது இனிப்பாக இருக்கும், எப்போது அழுகலாக மாறும் என்று என் மூக்குக்குத் தெரியும். குனிந்தேன். வாசனை அறையிலிருந்து வரவில்லை. எஸ்தரின் வாயிலிருந்து வந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் புதிதாக வந்தது.

என்ன வியாதி, என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. பயம் மட்டும்தான் தெரியும். அந்தப் பயமே என் விரிசலோ என்று இன்னொரு பயம். சுற்றிலும் எல்லோரும் ஆனந்தத்தில் அழ, நான் மெத்தை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மனதுக்குள் ஜெபித்தேன். வாழ்க்கையில் நான் செய்த மிகச் சின்ன ஜெபம் அது. ஆண்டவரே, இது நீர் என்றால் என் பயத்தை எடுத்துப்போடும். நீர் இல்லை என்றால், இந்த வாசனை தெரிந்த ஒருத்தரை அனுப்பும்.

பயம் போகவில்லை.

வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம் கேட்டது. பாஸ்டரம்மா. பாஸ்டரின் மனைவி, உபவாசம் முடிக்கிறவர்களுக்குக் கஞ்சி கொண்டுவந்திருந்தார். கூட்டத்தில் அதிகம் பேசாதவர். பின்வரிசையில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகங்களை அடுக்கிவைக்கிறவர். அறை வாசலுக்கு வந்தார். ஒரு காலை உள்ளே வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். தூக்குச்சட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். முகம் வெளிறியதைப் பார்த்தேன்.

"ஆண்டவர் வந்துட்டாரு, பாஸ்டரம்மா" என்று அந்த அக்கா தேம்பினார்.

"இல்ல" என்றார் பாஸ்டரம்மா. சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் ஜெபம் நின்றுவிட்டது. "இந்த வாசன எனக்குத் தெரியும். என் தம்பி போன அன்னைக்கு எங்க வீட்டுல இதே வாசனதான் வந்துச்சு. அப்பவும் எல்லாரும் ஆண்டவர் வந்துட்டாருன்னு இப்படித்தான் அழுதாங்க."

எங்களில் யாருக்கும் அவருக்குத் தம்பி இருந்தது தெரியாது. அவருடைய அப்பாவும் ஒரு பாஸ்டர்தான், தங்காக் பக்கத்தில் ஊழியம் செய்தவர் என்பது மட்டும் தெரியும்.

பாஸ்டர் உயர்த்திய கையை இறக்காமலே, விசுவாசத்தை உடைக்காதே என்றார். அவர் குரலில் அதிகாரம் இல்லை. கெஞ்சல் இருந்தது. அந்த வாசனை என்னவென்று அவருக்கும் தெரிந்திருக்கிறது என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது.

"ஏங்க" என்றார் பாஸ்டரம்மா. "என் தம்பி பேர நம்ம வீட்டுல ஒரு நாளாவது சொல்லியிருக்கோமா?"

பாஸ்டரம்மா தூக்குச்சட்டியைத் தரையில் வைத்தார். டேவிட்டைப் பார்த்து, "காரு சாவி எங்க?" என்றார். டேவிட்டிடம் கார் இல்லை. பாஸ்டரின் சட்டைப்பையில்தான் சாவி இருந்தது. பாஸ்டரம்மா அவர் பக்கத்தில் போய் குனிந்து, பையில் கைவிட்டு அதை எடுத்தார். அவர் தடுக்கவில்லை. எழவும் இல்லை. நாங்கள் எஸ்தரைத் தூக்கிக்கொண்டு வெளியேறும்போதும் அவர் கை உயர்ந்தேதான் இருந்தது.

ஜோகூர் பாரு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி முழுக்க மழை. எஸ்தரின் தலை என் மடியில். காருக்குள்ளும் அந்த இனிப்பு. கண்ணாடியை இறக்கினால் மழை, ஏற்றினால் வாசனை. பாஸ்டரம்மா ஓட்டிக்கொண்டே ஜெபித்தார். சத்தமில்லாமல், உதடு மட்டும் அசைய.

அவசரப் பிரிவில் ஒரு மலாய் டாக்டர், ஏன் இன்சுலினை நிறுத்தினாள் என்று கேட்டார். எனக்கு மலாய் நன்றாக வரும். அன்றைக்குத் தமிழ்கூட வரவில்லை. பாஸ்டரம்மாதான் பதில் சொன்னார். நாங்கள்தான் நிறுத்தச் சொன்னோம் என்று, மலாயில், தலை குனியாமல். டாக்டர் ஒரு கணம் பேனாவை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். பிறகு இரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கிறது, அந்த வாசனை அதனால்தான் என்று விளக்கினார். கதவு மூடியது. டேவிட் கதவருகிலேயே தரையில் உட்கார்ந்தார்.

எஸ்தர் பிழைத்தாள். சிறுநீரகம் கொஞ்சம் அடி வாங்கியிருக்கிறது, அதை இனிமேல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தீவிர சிகிச்சையிலிருந்து வார்டுக்கு மாற்றிய அன்று என் முகத்தைப் பார்த்து, "ஏன்கா அழற? டாக்டர் திட்டித் தீர்த்துட்டாங்க லா. நர்ஸ் மிஸ்ஸியும் திட்டுனாங்க. ஆண்டவர்தான் பாக்கி" என்றாள். சிரித்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி வெகுநேரம் அழுதாள். அவளுக்குச் செத்துப்போவதில் பயம் இருக்கவில்லை. சுகமாகாத உடம்போடு சபைக்குத் திரும்பிப் போவதில்தான் பயம் இருந்தது.

போனாள். நானும் கூடப் போனேன். பாஸ்டர் பிரசங்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்: ஆண்டவர் வாசனையாக இறங்கினார், மரணம் ஓடிப்போனது, நம் சகோதரி எழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரி அதில் இல்லை. கார் இல்லை. பாஸ்டரம்மாவும் இல்லை. சபை அழுதது. எஸ்தரை மேடைக்கு அழைத்தார். அவள் மைக்கை வாங்கினாள்.

"நான் சுகமாகல" என்றாள். "உயிரோட இருக்கேன். இன்னைக்குக் காலையிலயும் ஊசி போட்டுட்டுத்தான் வந்தேன். அதுக்கும் ஸ்தோத்திரம்."

பாதியிலேயே மைக்கில் சத்தம் நின்றது. யார் அணைத்தார்கள் என்று தெரியாது. முன்வரிசைக்கு மட்டும்தான் முழுவதும் கேட்டது. நாங்கள் படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். வயதான ஒருவர் இரத்த அழுத்த மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கூடையை நோக்கி நடந்துகொண்டிருந்தார். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், விரிசலைப் பார்க்கிற அருவருப்பு இருந்தது. கையை விடுவித்துக்கொண்டார்.

ஆண்டவர் எல்லோரையும் சுகமாக்குகிறாரா என்று என்னைக் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. என் தங்கையின் கணையத்தை அவர் தொடவில்லை. ஒரு பெண்ணின் மூக்கைத் தொட்டார். நான் கேட்டது அதைத்தான், கிடைத்ததும் அதுதான். இப்போது எஸ்தர் ஊசி போடும் முன் கண்ணை மூடி ஒரு வார்த்தை சொல்கிறாள். என்ன வார்த்தை என்று நான் கேட்பதில்லை. அவள் முகத்தில் அந்தக் களைப்பு இன்னும் இருக்கிறது, ஆனால் வெட்கம் இல்லை. நீங்களும் அவரை நம்புங்கள். பதில் எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். உங்களைச் சுற்றி எல்லோரும் ஆனந்தப்படும்போது உங்கள் நெஞ்சு மட்டும் நடுங்கினால், அந்த நடுக்கத்தையும் அவரிடமே கொண்டுபோங்கள்.

பாஸ்டரம்மா இப்போது செனாயில் இல்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் தங்காக் போயிருக்கிறார் என்று சபையில் அறிவித்தார்கள். வழியனுப்ப லார்க்கின் பஸ் நிலையத்துக்கு நான் மட்டும்தான் போனேன். ஒரே ஒரு பெட்டி. மழை வருகிற மாதிரி வானம் கறுத்திருந்தது. பக்கத்துப் பழக்கடையில் வெட்டிய அன்னாசியை வரிசையாக வைத்திருந்தார்கள். இருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

தம்பியின் பெயர் என்ன என்று கேட்டேன்.

"சாமுவேல்" என்றார். உதட்டை அழுத்திக்கொண்டார். அதைச் சத்தமாகச் சொல்லி எத்தனையோ வருடம் ஆகியிருக்கும்.

பஸ் கிளம்பத் தயாரானது. படியில் ஏறியவர் திரும்பினார். என் கையைப் பிடித்தார். அவர் கை ஈரமாக இருந்தது.

"அக்கா, அந்த வாசன மறுபடி வரும். நம்ம ஆளுங்க வீட்டுலதான் எங்கயாவது வரும். அப்ப ஜெபம் முடியட்டும்னு நிக்காதீங்க. ஜெபிச்சுக்கிட்டே கதவத் தொறங்க."