பதினைந்தாவது கற்குவியல்

தொண்ணூறுகளின் மத்தியில் ராஸ் அல் கைமாவில் ஒரு சிமெண்ட் ஆலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். ஜெபல் ஜைஸ் மலைக்கு அப்போது தார்ச்சாலை கிடையாது. கேம்ப் வாசலிலிருந்து தினமும் அதைப் பார்த்துப் பார்த்து, ஒரு ஜனவரி வெள்ளிக்கிழமை நானும் என் ரூமில் இருந்த கன்னியாகுமரிப் பக்கத்து வெல்டரும் ஏறிவிட்டோம்.

வழி தவறுமோ என்று எனக்குப் பயம். ஐந்நூறு காலடிக்கு ஒன்றாகக் கற்களைக் குவித்துக்கொண்டே போனேன்.

“எண்ணுறத விடும் ஓய், மூச்ச விடும்!” என்றார் வெல்டர்.

பதினான்கு குவியல் முடிந்ததும் ஒரு முகட்டில் உட்கார்ந்தோம். கீழே மேகம் பரவி, கடலும் ஆலையின் புகைபோக்கியும் இல்லாமல் போயின. உலகத்தில் மிச்சமிருந்தவை எங்கள் நான்கு ஷூக்கள் மட்டும்தான் போலிருந்தது.

“மனுசன் கால் படாத எடம். நாமதான் ஓய் மொத ஆளு!”

நானும் நம்பினேன்.

இறங்கும்போது மேகம் எங்களையும் மூடியது. குவியல்களை எண்ணியபடி நடந்தேன். பதினான்கு முடிந்தும் அடிவாரம் வரவில்லை. பதினைந்தாவதாக ஒன்று நின்றது. அதைத் தாண்டி வெல்டர் வைத்த கால் வெறும் வெள்ளையில் இறங்கியது. சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் கால் பட்டு உருண்ட கல் கீழே விழுந்த சத்தம் வர, ஐந்து எண்ணும் நேரமானது.

எங்கோ ஆட்டு மணி கேட்டது. சின்னக் கோடாரியைத் தோளில் சாய்த்தபடி ஒரு மலைவாசி வந்தார். என் வயதுதான் இருக்கும்.

“மாஃபி ரோட், பாய்!”

வழி இல்லை என்று தொடங்கி, அரபி கலந்த அரைகுறை இந்தியில் விளக்கினார். பாதியில் நாங்கள் அவர்களுடைய குவியல்களுக்கு மாறியிருந்தோம். பாறை விளிம்பிலிருந்த மழைநீர்க் குழிக்கு அவர் தாத்தா வைத்த அடையாளங்கள் அவை. ஏறும்போது பார்த்து, சரிந்த கற்கள் என்று நினைத்திருந்தேன்.

எங்களைத் திருப்பிக் கூட்டிப்போனவர், என் குவியல் ஒன்றின் முன் நின்றார்.

“யே கோன் பனாயா?”

நான்தான் கட்டினேன் என்று கை தூக்கினேன். அதைக் காலால் சரித்தார். மேகம் வந்தால் அவர் பிள்ளைகளும் குவியலை நம்பித்தான் நடப்பார்களாம். அதற்குப் பிறகு வந்த ஏழு குவியல்களையும் நானே கலைத்தேன்.

முதல் ஆள் என்று நினைத்து நான் நின்றது இன்னொருவர் தினமும் நடக்கும் வழி. அதனால்தான் இப்போதும் புது இடத்தில் கால் வைக்குமுன், எனக்கு முன்னால் யார் நடந்திருப்பார்கள் என்று கொஞ்சம் நின்று பார்க்கிறேன்.