படிக்காமல் போட்ட கையெழுத்து

டாக்டர் பத்துமலை கையெழுத்துப் போடும் வேகத்தை வேடிக்கை பார்க்கவென்றே அந்த மருத்துவமனையில் ஆட்கள் இருந்தார்கள். பகல் ஒரு மணிக்கு வார்டு சுற்றி முடித்து வருவார். மேசையில் பாலில்லாத கோப்பி ஓ காத்திருக்கும். பக்கத்தில் சிஸ்டர் தவமணி ஒரு கட்டுக் காகிதத்தோடு நிற்பார். மருந்துப் பட்டியல், விடுப்புக் கடிதம், சலவைக்குப் போன துணி விவரம், தலைமையகச் சுற்றறிக்கை எல்லாம் அதில் இருக்கும். பத்துமலை உட்காரக்கூட மாட்டார். இடது கையில் கோப்பி, வலது கையில் பேனா. கோப்பி தீர்வதற்குள் முப்பது காகிதமும் தீர்ந்துவிடும். அவற்றில் ஒன்றிலாவது என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்.

"காகிதத்தப் பாத்துக்கிட்டு இருந்தா நோயாளிய யாரு பாக்கிறது சிஸ்டர்?" என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

ஈப்போவிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் போனால் வரும் சிறு பட்டணத்து அரசு மருத்துவமனை அது. சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள். அப்படியொரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர்தான் பத்துமலை. மதராஸில் மருத்துவம் படித்து, 1967இல் இந்த மருத்துவமனைக்கு வேலைக்கு வந்தார். பிரசவமா, பாம்புக்கடியா, பால்வெட்டுக் கத்தி காலில் இறங்கியதா, எதுவாக இருந்தாலும் சனங்கள் அவரைத்தான் தேடுவார்கள். ஆனால் இயக்குநர் நாற்காலி மட்டும் அவரைத் தேடி வரவே இல்லை. 1973இல் காலியானபோது வெளியூர்க்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். 1976இல் வந்தவர் பத்துமலைக்கு ஆறு வருடம் இளையவர். அவருக்குச் சலைன் ஏற்றக் கற்றுக்கொடுத்ததே பத்துமலைதான். மனிதர் ஒரு வாரம் கோப்பியில் சீனி போட மறந்து குடித்தார்.

1979இல் அந்த இளையவரும் கோலாலம்பூருக்கு உயர்ந்துபோக, நாற்காலி மூன்றாம் முறையாகக் காலியானது.

"விண்ணப்பம் போட்டனீங்களோ டொக்டர்?" என்று கேட்டார் தவமணி. பாட்டனார் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். மூன்று தலைமுறை ஆகியும் வீட்டுப் பேச்சு மாறவில்லை. பத்துமலையின் வயதுதான் அவருக்கும். நாக்கு மட்டும் அவரைவிடக் கூர்மை.

"எதுக்கு சிஸ்டர்? யாரு வேல செய்யிறா, யாரு சும்மா இருக்கான்னு மேல இருக்கிறவங்களுக்குத் தெரியாதா? கூப்பிடுவாங்க லா."

"ஆர் கூப்பிடுறது? கோலாலம்பூரில இருக்கிறவனுக்கு உங்கட முகம் தெரியுமோ? அவனுக்குத் தெரியிறது காயிதம் மட்டுந்தான்."

பத்துமலை சிரித்து மழுப்பிவிட்டு வார்டுக்குப் போய்விட்டார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. தோட்டத்தில் விடிவதற்கு முன்பே ஆட்களை வரிசையாக நிற்க வைத்துப் பெயர் வாசிப்பார்கள். பெரட்டு என்பார்கள் அதை. பெயர் கூப்பிட்டால் "ஐயா" என்று குரல் கொடுக்க வேண்டும். கொடுத்த மர நிரைக்குப் போய்ப் பால் வெட்ட வேண்டும். எனக்கு நல்ல நிரையைக் கொடு, என்னை மேற்பார்க்கும் மண்டோர் ஆக்கு என்று வரிசையிலிருந்து ஒருவன் முன்னால் வந்துவிட்டால் அவன் கதி அவ்வளவுதான். கங்காணிக்கு ஆகாது, கூட நிற்பவனுக்கும் ஆகாது. பத்துமலையின் அப்பா பிச்சைமுத்து இருபத்தெட்டு வருடம் அப்படி நின்றார். என்றாவது ஒரு நாள் மண்டோர் வேலைக்குத் தன் பெயரைக் கூப்பிடுவார்கள் என்று வீட்டில் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி வரைக்கும் கூப்பிடவில்லை. மகன் டாக்டராகி, கார் வாங்கி, கழுத்துப்பட்டையும் கட்டிக்கொண்டான். நின்ற இடம் மட்டும் மாறவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஈப்போவிலிருந்து கடிதம் வந்தது. தங்கள் விண்ணப்பம் கிடைத்தது, இயக்குநர் பதவிக்கான நேர்முகத் தேர்வுக்கு இன்ன தேதியில் வரவும். பத்துமலை அதை மூன்று முறை திருப்பிப் பார்த்தார். பிறகு நேராகத் தவமணியிடம் போனார்.

"இது யார் வேல?"

"கையெழுத்து உங்கடதானே?" என்றார் அவர், ஊசிகளை எண்ணிக்கொண்டே. "மருந்துப் பட்டியலுக்குக் கீழ விண்ணப்பத்த வைச்சனான். ஒன்பது பக்கம். எல்லாத்திலயும் போட்டீங்கள்."

"இது மோசடி சிஸ்டர்!"

"படிக்காமல் போடச் சொல்லி நானோ சொன்னனான்?"

பத்துமலைக்குக் கோபம் தலைக்கு ஏறியது. பதவிக்கு ஆசைப்பட்டுக் கை நீட்டியவன் என்று ஊர் பேசுமே என்ற வெட்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது. விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கொள்வதாக அப்போதே எழுத உட்கார்ந்தார். பேனாவைத் திறந்ததும் ஒரு கேள்வி வந்தது. இந்த ஒன்பது பக்கத்தில் கையெழுத்துப் போட்டதே தெரியவில்லை என்றால், பன்னிரண்டு வருடமாக வேறு எதிலெல்லாம் போட்டிருக்கிறோம்?

கடிதத்தை அப்படியே வைத்துவிட்டுக் கோப்பு அறைக்குப் போனார். மூன்று நாள், மத்தியானம் மத்தியானமாக, தூசியில் தும்மிக்கொண்டே தன் கையெழுத்துகளைத் தானே படித்தார். பழுதான விளக்கு பழுதில்லை என்று போட்டிருந்தார். வராத போர்வைகள் வந்ததாகப் போட்டிருந்தார். முதல் நாள் சிரிப்புக்கூட வந்தது.

மூன்றாம் நாள் 1975ஆம் வருடக் கோப்பில் ஒரு ஒற்றைத் தாள் கிடைத்தது. செம்மண் பாதையில் வண்டி பழுதாகிறதாம். ஆகவே ஆம்புலன்ஸ் இனிமேல் தோட்டத்து வாசல் கேட்டோடு நின்றுகொள்ளும், உள்ளே லயங்களுக்குப் போகாது, மருத்துவர்களுக்கு இதில் ஆட்சேபணை உண்டா என்று கேட்டிருந்தது. கீழே அவருடைய கையெழுத்து. ஆட்சேபணை இல்லை, பத்துமலை.

தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடி படித்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் சன்னாசி என்ற பால்வெட்டுத் தொழிலாளி, தன் மனைவி கருப்பம்மாளை ரப்பர் பால் ஏற்றும் லாரியில் போட்டுக்கொண்டு வந்தான். பிரசவ வேதனை தொடங்கி நேரமாகியிருந்தது. தாயைப் பிழைக்க வைத்தார், பிள்ளை தங்கவில்லை. அந்த ஆத்திரத்தில் சன்னாசியைப் பார்த்து, "ஆம்புலன்ஸக் கூப்பிடத் தெரியாதாயா ஒனக்கு?" என்று வராந்தாவே அதிரக் கத்தினார். "கூப்பிட்டோம் ஐயா, கேட்டு வரைக்கும்தான் வரும்னாங்க. அதுக்கு மூணு மைலு" என்று அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். சாக்குச் சொல்கிறான் என்று நினைத்து, அதற்கும் சேர்த்துத் திட்டினார்.

அந்தத் தாளோடு தவமணியிடம் போனபோது பத்துமலையின் குரல் அடங்கிவிட்டிருந்தது.

"இத யாரு ரத்து பண்ண முடியும் சிஸ்டர்?"

தவமணி படித்தார். அப்படியொரு தாள் போனது அவருக்கும் தெரியாது, அந்த வருடம் அவர் தைப்பிங்கில் பயிற்சியில் இருந்தார். "இயக்குநர் ஒருத்தரால மட்டுந்தான் ஏலும்," என்றார் மெதுவாக.

வாபஸ் கடிதம் குப்பைக்குப் போனது. அதற்குப் பிறகு இருந்த பதினாறு நாளும் பத்துமலை பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். இரண்டு வார்டை இளைய டாக்டர்களிடம் விட்டுவிட்டு, சமையல்கட்டு, சலவைக் கொட்டகை, மருந்துக் கிடங்கு என்று சுற்றினார். தான் இல்லாமலே வார்டு நடக்கிறது என்பது அவருக்குக் கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. மலாய் மொழியில் அறிக்கை எழுதிப் பழகினார். தவமணி சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தார்.

நேர்முகத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வியே, இந்தப் பதவிக்கு ஏன் விண்ணப்பித்தீர்கள் என்பதுதான். மனப்பாடம் செய்துவைத்த பதில் ஒன்று இருந்தது. பத்துமலை வாயைத் திறந்தார், உண்மை வந்துவிட்டது.

"நான் விண்ணப்பிக்கவில்லை. படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன்."

ஓரத்தில் இருந்தவர் சிரித்தேவிட்டார். பத்துமலை சிரிக்கவில்லை. ஆம்புலன்ஸ் தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். "இதையும் அப்படித்தான் போட்டேன். ஒரு பிள்ளை போய்விட்டது. வார்டில் நின்று ஆயிரம் பேரைப் பார்த்தாலும் இந்தத் தாளை என்னால் ரத்து செய்ய முடியாது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் முடியும். அதற்காகத்தான் கேட்கிறேன். வேலையை எனக்குக் கொடுங்கள்." வாழ்க்கையில் அவர் வாய்விட்டு ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நடுவில் இருந்தவர் ஏதோ எழுதிக்கொண்டு, போகலாம் என்று தலையசைத்தார்.

"கெடுத்துட்டேன் சிஸ்டர், உண்மையச் சொல்லிட்டேன்," என்றார் திரும்பி வந்ததும்.

"ஐயோ! என்ர பேரையும் சொன்னீங்களோ?"

"அதச் சொல்லல."

"அந்தளவுக்காவது நல்லது," என்று தவமணி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

ஆறு வாரம் கழித்து நியமனக் கடிதம் வந்தது. முதல் நாளே, ஆம்புலன்ஸ் லயத்து வாசல் வரை போக வேண்டும் என்ற உத்தரவைப் பத்துமலை தன் கையால் எழுதினார். நான்கு முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அன்று கோப்பி ஆறிப்போனது. அதற்குப் பிறகு எல்லா நாளும் ஆறித்தான் போனது. ஒரு விடுப்புக் கடிதத்துக்குக்கூட இந்த மனுசன் கால் மணி நேரம் எடுக்கிறாரே என்று அலுவலகக் கிராணிமார் முணுமுணுத்தார்கள்.

அந்த வாரமே டிரைவரோடு ஏறி, செம்மண் பாதையில் மூன்று மைல் குலுங்கி, சன்னாசியின் வீட்டு வாசலில் போய் இறங்கினார். அந்தத் தாளில் இருந்தது தன் கையெழுத்துத்தான் என்று சன்னாசி, கருப்பம்மாள் இருவரிடமும் சொன்னார். கருப்பம்மாள் எழுந்து உள்ளே போய்விட்டாள். சன்னாசி எழுந்து வண்டியைச் சுற்றி வந்து பார்த்தான். "இப்ப வாசல் வரைக்கும் வந்துருச்சுல்ல ஐயா," என்றான். உள்ளே போனவள் திரும்பி வருவாளோ மாட்டாளோ என்று பத்துமலை நினைத்துக்கொண்டிருந்தபோது கருப்பம்மாள் தேநீரோடு வந்தாள். பத்துமலை அதை வாங்கி மிச்சம் வைக்காமல் குடித்தார். அடுத்த வருடம் அவள் அதே வண்டியில் வந்து பெண் குழந்தை பெற்றுக்கொண்டு போனாள்.

தவமணிக்கு எப்படி நன்றி சொல்வது என்று மட்டும் பத்துமலைக்குத் தெரியவே இல்லை. இரண்டு மூன்று முறை ஆரம்பித்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும், "கையெழுத்தப் போடுங்கோ டொக்டர், ஆக்கள் நிக்கினம்," என்று அவர் வெட்டிவிட்டார்.

1984இல் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஈப்போவில் ஒரு மருத்துவமனைக்குத் தலைமை நர்ஸாக மேட்ரன் தேவை. இப்போது எல்லாவற்றையும் படிக்கிறவர் அல்லவா, அதன் ஓரத்தையும் படித்தார். "பார்த்தேன்" என்று தவமணியின் சுருக்கொப்பம் இருந்தது, அவ்வளவுதான்.

"விண்ணப்பம் போட்டீங்களா சிஸ்டர்?"

"எனக்கெதுக்கு? வேணுமெண்டால் கேப்பினம் தானே."

பத்துமலை அவரையே பார்த்தார். ஊருக்கெல்லாம் படிவம் நிரப்பிக் கொடுத்த மனுசி, தன் முறை வந்ததும் பெரட்டு வரிசையில் போய் நின்றுகொண்டார்! பத்துமலை அன்று மாலையே விண்ணப்பப் படிவத்தை வரவழைத்தார். இரண்டு விரலால் தட்டச்சு செய்து, ஒரு வாரத்தில் ஒன்பது பக்கத்தையும் நிரப்பினார். எந்தக் காகிதத்துக்கும் அடியில் ஒளித்து வைக்கவில்லை. நேரே கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தார்.

"படிச்சுட்டுப் போடுங்க சிஸ்டர்."

தவமணி நின்றபடியே படித்தார். மூன்றாம் பக்கத்தில் சேவைக்காலம் இருபத்திரண்டு வருடம் என்றிருந்ததை இருபத்துமூன்று என்று திருத்தினார். ஏழாம் பக்கத்தில், குறிப்பிடத்தக்க பணிகள் என்ற இடத்துக்கு வந்ததும் நின்றார். இந்த மருத்துவமனைக்கு ஓர் இயக்குநரைத் தேடிக் கொடுத்தார், தோட்டத்து லயங்களுக்கு ஆம்புலன்ஸ் போவது இவரால்தான் என்று அங்கே இருந்தது.

"இது அரசாங்கக் காயிதம், டொக்டர். இப்பிடியெல்லாம் எழுதக் கூடாது. வெட்ட வேணும்."

"வெட்டுங்க சிஸ்டர். பேனா ஒங்க கையிலதான இருக்கு."

தவமணி பேனாவை அந்த வரிக்கு மேலே கொண்டுபோனார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த வரியை வெட்டாமலே கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் கையெழுத்துப் போட்டார்.