முக்கால் அங்குலம்

காட்டூர் பட்டறையில் பன்னிரண்டு வருஷமாக வெல்டிங் செய்யும் வள்ளிக்கண்ணுவுக்குப் பிறவியிலேயே இடது கால் ஒன்றரை அங்குலம் குட்டை. கேட்டும் ஜன்னல் கம்பியும் பற்றவைத்து அலுத்துப்போன கைக்கு, பாய்லர் குழாய் பற்றவைக்க வேண்டும் என்று தீராத ஆசை. துவாக்குடிப் பக்கம் ஒரு கம்பெனி தேர்வுக்குக் கூப்பிட்டது. செருப்போடு போனவளை, பாதுகாப்பு பூட்ஸ் இல்லாமல் உள்ளே விட முடியாது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அழுதுகொண்டு பஸ் ஏறுகிற ரகமில்லை அவள். திட்டிக்கொண்டுதான் ஏறினாள்.

மறுபடி அழைப்பு வந்தது. ஒன்பது நாள் அவகாசம். இதையும் விட்டால் அவ்வளவுதான்.

அண்ணன் நவநீதன் போட்டுக் கழித்த பழைய பூட்ஸ் பரணில் கிடந்தது. முனையில் இரும்புக் கவசம் உறுதியாகத்தான் இருந்தது. அடிப்பாகம் தேய்ந்து, வாய் பிளந்திருந்தது. போட்டுப் பார்த்தாள். செருப்பில் நிற்கும்போது இடது குதிகாலை லேசாக உயர்த்திச் சமாளித்துக்கொள்வாள். இந்த பூட்ஸ் வளைந்து கொடுத்தால்தானே! இரண்டே நிமிஷத்தில் இடுப்பு கழன்றது.

பழைய இரும்புக் கடையில் கன்வேயர் பெல்ட் துண்டு ஒன்று வாங்கி வந்தாள். இடது பூட்ஸின் அடியைப் பிரித்து, பெல்ட்டை ஒன்றரை அங்குல உயரத்துக்கு நாலு அடுக்காக வெட்டிப் பசை போட்டு, சுற்றிலும் நைலான் நூலால் தைத்து, அடியை மறுபடி ஒட்டினாள். ஆணியை மட்டும் தொடவில்லை. மின்சாரத்தோடு புழங்குகிறவள் காலுக்கடியில் ஆணியை வைத்துக்கொள்வாளா?

பட்டறைக்காரி அல்லவா, அளவையும் பட்டறை முறையில்தான் பார்த்தாள். பூட்ஸோடு நின்று இடுப்பில் இரும்பு ஸ்கேலைப் பிடிக்க, கூட வேலை செய்யும் டெல்பின் அதன்மேல் ரசமட்டத்தை வைத்தாள். குமிழி நட்டநடுவில் நின்றது.

"நடந்து காட்டுடி" என்றாள் டெல்பின்.

நடந்தாள். முப்பத்து நாலு வயதில் முதல் தடவையாகச் சாயாமல் நடந்தாள். டெல்பின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தச் சந்தோஷம் கால்மணி நேரம்கூட நிலைக்கவில்லை. பழகுவதற்காகக் குழாய்த் துண்டைச் சாய்த்துக் கட்டிப் பற்றவைத்தாள். தையல் போல ஓடுகிற அவள் பற்றவைப்புக் கோடு அங்கங்கே புடைத்தும் குழிந்தும் கிடந்தது.

"என்னடி இது, கோழி கிண்டுன மாதிரி இருக்கு!"

மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள்தான் உறைத்தது. கை பழகியதெல்லாம் சாய்ந்த உடம்பில். உடம்பை ஒரே நாளில் நிமிர்த்தினால் பாவம், கை என்ன செய்யும்? வள்ளிக்கண்ணு கத்தியை எடுத்து நூலை அறுத்தாள்.

"பைத்தியமா உனக்கு? நேரா நடக்குறியேடி!"

"நடக்குறதுக்கா வேலை குடுக்கப் போறாங்க?"

சொல்லிவிட்டாளே தவிர நெஞ்சு கனத்தது. ஓர் அடுக்கைப் பிரித்துப் பற்றவைத்தாள். கொஞ்சம் தேறியது. இன்னொன்றைப் பிரித்தாள். முக்கால் அங்குலத்தில் கோடு பழையபடி ஓடியது. அங்கேயே நிறுத்தித் தைத்து முடித்தாள்.

தேர்வன்று பாதுகாப்பு அதிகாரி பாசில் பூட்ஸைக் கழற்றச் சொல்லித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முனையைத் தட்டினார். அடியை வளைத்தார்.

"ஆணி அடிச்சிருக்கீங்களா?"

"ஒண்ணுகூட இல்லைங்க சார். பசையும் தையலும்தான்."

"யார் செஞ்சது?"

"நான்தாங்க."

அவர் இன்னொரு முறை தையலை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, "உள்ளே போங்க" என்றார்.

பதினோரு பேர் எழுதிய அந்த நெருப்புப் பரீட்சையில் பற்றவைத்த இடத்தை எடுத்த எக்ஸ்ரே படம் பழுதில்லாமல் வந்தது இரண்டு பேருக்கு. ஒன்று வள்ளிக்கண்ணுவுடையது. ஒரு புள்ளி இல்லை, ஒரு கீறல் இல்லை. படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்தக் கம்பெனியில் தேறிய வெல்டருக்கு ஓர் எண் தருவார்கள். தான் பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்தில் அதைச் சுத்தியலால் பதிக்க வேண்டும். திங்கட்கிழமை தன் முதல் குழாயை முடித்துவிட்டு, இலேசாகச் சாய்ந்து நின்று அச்சை வைத்து ஓங்கி அடித்தாள். நாலு. அப்புறம் ஒன்று. இனி அந்தக் குழாய் எந்த ஊருக்குப் போனாலும், இது யார் வேலை என்று கேட்டால் நாற்பத்தொன்று என்று இரும்பே சொல்லும்.